கத்திரி மேல் விழுந்தவர்

“நாப்பது பேரைக் கேட்டாச்சும்மா. நாப்பது பேரும் ஒரே பாட்டு. ‘பார்க்கல.’ பட்டப்பகல், கடைத்தெரு, ஒரு மனுஷன் வயித்துல கத்திரிக்கோல் இறங்குது. அந்த நேரம் பார்த்து அத்தனை பேருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சாமா?”

இன்ஸ்பெக்டர் மேஜையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அந்த மேஜைக்கு மூன்று கால்தான். நாலாவது இடத்தில் செங்கல் அடுக்கியிருந்தார்கள். அது நகர்ந்து கொடுத்ததில் என் டீ என் மடியில் வந்து உட்கார்ந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேதாரம் இல்லாமல் திரும்பியவன் என்று இனி நான் பீற்றிக்கொள்ள முடியாது.

“அந்த நாப்பது பேரும் பொய் சொல்றாங்கன்னு எதை வச்சு முடிவு பண்ணீங்க?” என்றாள் அண்ணி.

“அந்தத் தெருக்காரன் வாயைத் திறந்தாலே பொய்தானே.”

“அப்புறம் வாயைத் திறக்கலைன்னு ஏன் வருத்தப்படுறீங்க?”

இன்ஸ்பெக்டர் தொப்பியை இழுத்துச் சரி செய்துகொண்டார். அறையில் மின்விசிறி வேலைநிறுத்தம். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வரை வந்து சொட்டியது. ஆனாலும் தொப்பி தலையை விட்டு இறங்கவில்லை. கடமை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்படித்தான், கண்ட இடத்தில் நல்லெண்ணம் வரும்.

அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துப்பறிவது அவள் தொழில். அவள் சொன்ன இடத்துக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு போவது என் தொழில். அண்ணன் கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது, “வீட்டைப் பார்த்துக்கோடா” என்று சொல்லிவிட்டுப் போனான். வீடு நன்றாகத்தான் இருக்கிறது. என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அன்றைக்கு நாங்கள் ஸ்டேஷனுக்கு வந்தது ஒரு லிப்ட் மெக்கானிக்குக்காக. எங்கள் ஆபீஸ் ஐந்தாவது மாடியில் இருக்கிறது. வருஷக்கணக்காகச் செத்துக் கிடந்த லிப்டை ஒரே நாளில் எழுப்பி உட்கார வைத்த புண்ணியவான் அவன். அவனை உள்ளே வைத்தால் முதலில் பாதிக்கப்படுவது என் முழங்கால்.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் நின்றிருந்தான். வலது பக்கம் ஒட்ட வெட்டிய முடி, இடது பக்கம் காதை மூடிய முடி. குற்றத்துக்குக் காரணமாகப் போலீஸ் சொல்வது அந்தத் தலையைத்தான். புது வேலைக்குப் புகைப்படம் எடுக்கப் போகிறவன், முந்தின நாள் முடிவெட்டப் போயிருக்கிறான். சலூன்காரர் பேச்சு சுவாரசியத்தில் பாதித் தலையை மேய்ந்துவிட்டார். இவன் எழுந்து நின்று, கடை நிறைய ஆள் இருக்கும்போது, “இந்தக் கத்திரியை உன் வயித்துலயே சொருகலைன்னா பாரு” என்று கத்திவிட்டுப் பாதித் தலையோடு வெளியேறியிருக்கிறான். மறுநாள், திங்கட்கிழமை மத்தியானம், அதே கத்திரி அதே வயிற்றில். போதாக்குறைக்கு இவன் பழைய அடிதடி கேஸில் உள்ளே போய், நன்னடத்தைக்காகப் பாதியில் வெளியே வந்தவன். சம்பவ நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்டால், லிப்ட் குழிக்குள் தனியாக இருந்தேன் என்கிறான். லிப்ட் குழி சாட்சி சொல்ல வராது.

“சாயந்திரம் கோர்ட்டுக்குக் கொண்டு போறேன்” என்றார் இன்ஸ்பெக்டர். “நீங்க வந்ததுக்காக ரெண்டு வார்த்தை பேசினேன். எனக்கு வேலை இருக்கு.”

வெளி பெஞ்சில் மெக்கானிக்கின் மனைவி மகளோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தை பெஞ்சைப் பிடித்து நிற்கவும் விழவுமாக இருந்தது. காலையில் எங்கள் ஆபீஸுக்கு வந்தபோது அவள் அழவில்லை. “அவரு மறுபடி உள்ள போனா பழைய கேஸோட மிச்சமும் சேர்ந்துடும்க்கா. வெளிய வர்றப்ப இவ பள்ளிக்கூடம் போயிட்டிருப்பா. அப்பா யாருன்னு நான் சொல்லித்தான் தெரியணும்” என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு முழங்கால் பெரிதாகத் தெரியவில்லை.

அண்ணி எழுந்திருக்கவில்லை. “தகவல் எப்படி வந்துச்சு?”

“போன்ல. ஆம்பளை குரல். பேரு சொல்லல. தெருவுக்கு எதிர்ல பஸ் ஸ்டாப் இருக்குல்ல, அங்க இருக்குற பொதுப் போன்லேர்ந்து.”

“எடுத்தது யாரு?”

“ஏட்டு.”

மூலையில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலையைத் தூக்கி, எங்களைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

“இதுக்கு முன்னால அந்தத் தெருவுலேர்ந்து யாராவது உங்களுக்குப் போன் பண்ணியிருக்காங்களா?”

இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். “தீப்பிடிச்சாக்கூடச் சொல்ல மாட்டாங்க. நாங்க வந்து எண்ணெய் ஊத்துவோம்னு நினைப்பு. அம்மா, நீங்க வெளியிலேர்ந்து பார்க்குறீங்க. பேப்பர்ல எனக்குப் பத்து ஆளு. நாலு பேரு பெரிய மனுஷங்க வீட்டுக் காவல். ரெண்டு பேரு கோர்ட்டு. மூணு பேரு மெடிக்கல் லீவு. மிச்சம் இவரு. ஒரே ஒரு ஜீப்பு, அதுவும் போன சனிக்கிழமையே வொர்க்‌ஷாப்புல படுத்துடுச்சு. மேலேர்ந்து மணிக்கொரு தடவை போனு. ‘ஆளைப் பிடிச்சியா’ன்னு கேப்பாங்க. ‘எந்த ஆளை’ன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கே பாவமாக இருந்தது. டீ காய்கிற வரை அந்தப் பரிதாபம் நீடித்தது.

ஆஸ்பத்திரியில் சலூன்காரர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிற்றைச் சுற்றிக் கட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் காவலுக்கு யார் என்று பார்த்தால், அதே ஏட்டு. எங்களுக்கு முன்னால் குறுக்கு வழியில் சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“இங்கயும் நீங்கதானா?” என்றேன்.

“நான் எழுந்து வேற எங்கயாவது போனா அங்கயும் நான்தான் சார்” என்றார்.

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “என்ன நடந்துச்சு அண்ணே?”

“அதான் ஆயிரம் தடவை சொல்லிட்டேனேம்மா. நானா விழுந்தேன். கத்திரி குத்திருச்சு.”

“தரையில கத்திரி நட்டுக்கிட்டு நின்னுச்சா?” என்று நான் கேட்டேன்.

“கோட்டுப் பாக்கெட்டுல இருந்துச்சு தம்பி. கூர் மேல பார்த்து. ஷட்டரை இழுத்தேன். அது துருப்பிடிச்சுப் பாதியில நின்னுச்சு. தொங்குனேன். படார்னு விட்டுச்சு. அதோட சேர்ந்து நானும் மடங்குனேன். அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு ஏட்டைப் பார்த்தார். ஏட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“மத்தியானத்துல எதுக்கு ஷட்டரை இறக்குனீங்க?” என்றாள் அண்ணி.

“வெயில்.”

“திங்கட்கிழமை காலையிலேர்ந்து மழை.”

சலூன்காரர் வாயை மூடிக்கொண்டார். சலூன்காரர் ஒருவர் பேச்சை நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. சும்மா கிடக்கிற ஊர் வம்பையெல்லாம் வாரிச் சுருட்டுகிற வாய், மழைக்கும் வெயிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது.

“அந்த மெக்கானிக் பையன்?”

“சத்தியமா அவன் இல்லம்மா. கடைப் பக்கமே வரல. யார்கிட்ட சொன்னாலும் நான் பயந்துபோய்ப் பேசுறேன்ங்கறாங்க. உண்மையைச் சொல்றதுக்கு நான் எதுக்குப் பயப்படணும்?” கண் கலங்கிவிட்டது அவருக்கு. அப்புறம், நாங்கள் கிளம்பும்போது, தயங்கித் தயங்கிக் கேட்டார். “இன்ஸ்பெக்டர் ஐயா நல்லா இருக்காராம்மா? வெளிய தெருப் பக்கம் போறாரா வர்றாரா?”

வராந்தாவுக்கு வந்ததும் நான் சிரித்துவிட்டேன். “மாசாமாசம் கடைக்கே வந்து தன்னை விசாரிக்கிற ஆளு மேல இம்புட்டுப் பாசமா?”

“என்னது, மாசாமாசமா? யாரு சொன்னா?” என்றாள் அண்ணி.

காலையில் மெக்கானிக்கின் மனைவி லிப்டில் வரும்போது என்னிடம் சொன்னதுதான். அவர்கள் குடியிருப்பதும் அதே தெருதான். ஒவ்வொரு மாதமும் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்குவாராம். ஏட்டை வாசலில் நிறுத்திவிட்டு, சலூன் ஷட்டரை இறக்கி, ஒரு மணி நேரம் உள்ளே விசாரணை. எவ்வளவு விசாரித்தும் சலூன்காரர் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை விட்டதில்லையாம். தெருவே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. வம்பு பேச எனக்குக் கிடைத்த நேரம் ஐந்து மாடி. அதை அண்ணியிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “சோறு தின்ன மறப்பியா தம்பி நீ?”

நான் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

தெருவுக்குள் நாங்கள் நுழைந்தபோது சந்தைக் கூச்சல். பழைய செல்போன் கடை, தையல் கடை, மீன்தொட்டிக் கடை, ஜெராக்ஸ் கடை. ஒருவன் நடைபாதையில் சீட்டு விளையாட்டுக் கடையே விரித்திருந்தான். எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

டங். டங். டங்.

எங்கிருந்தோ இரும்பில் இரும்பு மோதும் சத்தம். அவ்வளவுதான். என் இரண்டு பக்கமும் ஷட்டர்கள் சடசடவென்று விழுந்தன. சீட்டு ஆடியவன் துணியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு சந்துக்குள் பாய்ந்தான். மாடி ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. நான் மூச்சு விட்டு முடிக்கிறதுக்குள் தெருவில் மிச்சம் இருந்தது நானும், அண்ணியும், ஒரு நாயும். நாய்கூட சுவர் பக்கம் திரும்பி நின்றது.

“காலரை இறக்கிடவா அண்ணி?”

“உன்னைப் பார்த்து இல்லடா. பின்னால பாரு.”

பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏட்டு வந்துகொண்டிருந்தார். “உங்ககூடவும் போகச் சொன்னாரு ஐயா” என்றார் பரிதாபமாக.

“அங்க காவலுக்கு?”

“நர்ஸம்மாகிட்ட ஒரு கண்ணு வச்சுக்கச் சொல்லியிருக்கேன்.”

அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்கு அந்த மாதிரி முகம் மலர்ந்தால் எனக்கு ஓட்டம் காத்திருக்கிறது என்று அர்த்தம். ஏட்டிடம் மென்மையாகப் பேசி, திரும்ப அனுப்பி வைத்தாள். அவர் சைக்கிள் முக்கு திரும்பி மறைந்ததும், டங் என்று ஒரே ஒரு சத்தம். ஷட்டர்கள் ஏறின. மீன்தொட்டிக் கடைக்காரர் விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடர்ந்தார்.

தெரு முனையில் பஞ்சர் கடை. கம்பத்தில் ஒரு பழைய லாரிச் சக்கரத்து ரிம் தொங்கியது. பக்கத்தில் ஸ்பானரோடு பஞ்சர் கடைக்காரர், ஒன்றும் அறியாத பாப்பா மாதிரி ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

“நல்ல சத்தம் அண்ணே” என்றாள் அண்ணி. “மூணு அடிச்சா போலீஸு. ஒண்ணு அடிச்சா போயாச்சு. நடுவுல யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அப்படித்தானே?”

“என்னம்மா சொல்றீங்கன்னே புரியல.”

“நாப்பது பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்காங்க தம்பி” என்று அண்ணி என் பக்கம் திரும்பினாள். “யாருமே பார்க்கல. ஏன்னா பார்க்கக் கூடாதுன்னு இவங்களே வச்சிருக்குற சட்டம். திங்கட்கிழமையும் மூணு அடி அடிச்சிருக்கு. அதுக்குத்தான் எல்லா ஷட்டரும் இறங்கியிருக்கு. சலூன் ஷட்டரும்.”

“ஆனா ஜீப்பு வொர்க்‌ஷாப்புல இருந்துச்சே. ஏட்டு ஸ்டேஷன்ல போன் எடுத்திருக்காரு.”

“அதான் நானும் கேக்கப்போறேன். அண்ணே, திங்கட்கிழமை எந்தப் போலீஸைப் பார்த்து அடிச்சீங்க?”

பஞ்சர் கடைக்காரரின் கையிலிருந்து ட்யூப் நழுவியது. சுற்றும் முற்றும் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே பயம். உதடு வெளிறிவிட்டது.

“நான் பார்க்கல.”

“அடிச்சது நீங்க. பார்க்காம எப்படி அடிப்பீங்க?”

“அம்மா, எனக்குப் புள்ளைகுட்டி இருக்கு. மாசாமாசம் உள்ள வச்சு நொறுக்குறாங்க அந்த மனுஷனை. அவரு வாயைத் திறக்கல. கடைசியில குத்தியே போட்டுட்டாங்க. யூனிபாரம் போடாம, குடையால முகத்தை மறைச்சுக்கிட்டு வந்தா நமக்குத் தெரியாதா? நடையைப் பார்த்தாலே தெரியும், எதிர்ல வர்றவனெல்லாம் சல்யூட் அடிக்கிற மாதிரி ஒரு நடை. நான் போய் யார்கிட்ட சொல்ல? போலீஸ்ல போய்ப் போலீஸைப் பத்திச் சொல்லவா?”

பேசக்கூடாதென்று தொடங்கி எல்லாவற்றையும் பேசிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு அப்பாவி உள்ள இருக்கான்ல?” என்றேன். எனக்குக் கோபமாக வந்தது.

“தெரியும் தம்பி. மூணு நாளா சோறு இறங்கல” என்றார்.

அண்ணி சலூனை முன்னும் பின்னும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். திரும்பி நடக்கும்போது என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. “அண்ணி, அப்ப இன்ஸ்பெக்டர்தான் குத்தினாரா? நாம இப்ப எங்க போறோம்?”

“இன்ஸ்பெக்டர்கிட்ட.”

“வேற எங்கயாவது போகலாமே. சினிமாவுக்கு?”

ஸ்டேஷன் வாசலில் கோர்ட் வேன் வந்து நின்றிருந்தது. மெக்கானிக்கின் மனைவி வேனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தது. அண்ணி அவளைக் கையைக் காட்டி உள்ளே வரச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூலையில் ஏட்டு. எந்த வழியாக எங்களை முந்தினாரோ.

“ஐயா, அந்தத் தொப்பியைக் கொஞ்சம் கழட்டுங்க” என்றாள் அண்ணி.

“எதுக்கு?”

“காத்து வாங்கட்டும்.”

“இது போலீஸ் ஸ்டேஷன்ம்மா. விளையாட்டு இல்ல.”

“விளையாட்டு இல்லைன்னுதான் சொல்றேன். கழட்டுங்க.”

அந்தக் குரலுக்கு என் அண்ணன் கப்பல் ஏறிப் போனான். இன்ஸ்பெக்டர் எந்த மூலைக்கு. தொப்பி இறங்கியது. அடியில் விரல்கடை அகலத்துக்கு வெள்ளை, அதற்கு மேலே கன்னங்கறுப்பு. தலை இரண்டு மாடிக்கு இரண்டு பெயின்ட் அடித்த கட்டடமாக இருந்தது.

“மாசாமாசம் ஒரு மணி நேரம் விசாரணை” என்றாள் அண்ணி. “அது விசாரணையே இல்ல. டை அடிச்சு ஊற வைக்க அவ்வளவு நேரம் ஆகும். சலூன்காரர் தெருவைக் காட்டிக் கொடுக்கலைன்னு தெரு நினைக்குது. அவர் காட்டிக் கொடுக்காதது உங்க நரையை.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏட்டின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவர் வாசலில் நின்று மாதாமாதம் காவல் காத்த மனிதர்.

“இந்த மாசம் ஜீப் இல்ல. திங்கட்கிழமை நடந்தே போனீங்க. தனியா, யூனிபாரம் இல்லாம, ஸ்டேஷன்ல சொல்லாம. அந்தத் தெருவுலேர்ந்து யாரும் போன் பண்ண மாட்டாங்கன்னு நீங்களே சொன்னீங்க. அத்தனை கடையும் மூடிக் கிடக்குறப்ப வெளிய நின்னது ஒரே ஒரு ஆளு. போன் பண்ணதும் அந்த ஆளுதான்.”

“குரலை நான் அப்பவே கண்டுபிடிச்சுட்டேன் ஐயா” என்றார் ஏட்டு, தரையைப் பார்த்தபடி. “மாத்தித்தான் பேசினீங்க. ஆனா போனை வச்சதும் என் கை தானா சல்யூட் அடிச்சுடுச்சு.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் ஒடுங்கிவிட்டார். இப்போதுதான் அவர் வயது தெரிந்தது. “செவ்வாய்க்கிழமை பெரிய ஆபீஸ்ல மீட்டிங்கும்மா. நரைச்ச தலையோட போனா, ‘உனக்கு வயசாச்சு’ன்னு கிடங்குல சாமான் எண்ணுற வேலைக்குத் தள்ளிடுவாங்க. அதுக்குத்தான் போனேன். கடைகிட்ட போறேன், ஷட்டர் விழுது, உள்ள அலறல். அடியில ரத்தம் வருது. தூக்கிப் பார்த்தேன், அசையல. எதிர்ல ஓடிப்போய் ஆம்புலன்ஸுக்கும் சொன்னேன், ஸ்டேஷனுக்கும் சொன்னேன். சத்தியமா நான் அந்த ஆளைத் தொடல.”

“தெரியும். யாருமே தொடல” என்றாள் அண்ணி. “போன் பண்ற இடத்துலேர்ந்து சலூன் வாசல் தெரியுமா?”

“நேரா தெரியும்.”

“ஏட்டு வந்து சேர்ற வரைக்கும் அங்கயே நின்னீங்களா?”

“கண்ணை எடுக்கல.”

“யாராவது வெளிய வந்தாங்களா?”

இன்ஸ்பெக்டர் கழட்டிய தொப்பியை மடியில் வைத்துத் திருகினார்.

“சலூனுக்குப் பின்வாசல் கிடையாது. ஷட்டரைத் தூக்குனப்ப உள்ள இருந்தது அவர் ஒருத்தர்தான். வெளிய வந்தவன் எவனும் இல்ல.”

“வென்டிலேட்டர் வழியா எவனாவது...”

“அந்த ஓட்டையில பூனையே யோசிச்சுத்தான் போகும். சலூன்காரர் முதல் நாளே உண்மையைச் சொல்லிட்டார். மூணு அடி சத்தம் கேட்டா அந்தத் தெருவுல கடைசியா ஷட்டர் இறக்குறவனைத்தான் சந்தேகப்படுவாங்க. போலீஸோட நிஜமாவே சிநேகம் வச்சிருக்குறவர் இவர். அதனால எல்லாருக்கும் முன்னால இறக்கணும்னு பதறியிருக்கார். பாக்கெட்டுல கத்திரி இருக்குறதை மறந்து ஷட்டர்ல தொங்கியிருக்கார். விழுந்தேன்னு சொன்னார். தெருவுக்குப் பயந்து பொய் சொல்றார்னு நீங்க நினைச்சீங்க. போலீஸுக்குப் பயந்து பொய் சொல்றார்னு தெரு நினைச்சுது. அடிபட்டவன் பேச்சை ஒருத்தரும் காதுல வாங்கல.”

அண்ணிக்கு மூச்சு வாங்கியது. கோபத்தில், என் தோளில் கிடந்த பையின் வாரை இறுகப் பிடித்திருந்தாள். “ஆனா ஐயா, யாரும் வெளிய வரலைங்கறது உங்களுக்கு முதல் நாள்லேர்ந்து தெரியும். தெரிஞ்சும் இந்தப் பையனைக் கொண்டு வந்து உள்ள வச்சீங்க. அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல. இப்ப சாட்சியா ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுங்க. வேன் திரும்பிப் போகட்டும்.”

ஏட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். வேன் டிரைவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எழுதினா என் வேலை போயிடும்மா. இந்த கேஸை விசாரிக்கிறவனே நான்தான். முப்பது வருஷம் போச்சு.” உதட்டை நனைத்துக்கொண்டார். “நான் எதையும் பார்க்கல. அப்படியே விட்டுடுங்க.”

“நாப்பத்தொண்ணு” என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மெக்கானிக்கின் மனைவி முன்னால் வந்தாள். தூங்குகிற குழந்தைக்காகக் குரலைத் தணித்துத்தான் பேசினாள். “ஐயா, எங்க தெருவுல நாப்பது பேரு பயந்துக்கிட்டு வாயை மூடிட்டாங்க. அவங்க மேல எனக்கு ஆத்திரம்தான். ஆனா அவங்ககிட்ட ஒண்ணும் இல்லையே, பயப்படத்தானே செய்வாங்க. உங்க இடுப்புல துப்பாக்கி இருக்கு. நீங்களும் பயந்தா நான் யார்கிட்ட போய் நிக்கிறது?”

லாக்கப்புக்குள் மெக்கானிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். தனக்கு எதிரே கைதிகளை உட்கார வைக்கிற ஸ்டூலை இழுத்து, அதில் உட்கார்ந்தார். ஏட்டைப் பார்த்து, “நீங்க என் நாற்காலியில உக்காருங்க. எழுதணும்ல” என்றார்.

ஏட்டு உட்கார மாட்டேன் என்றார். உட்கார வைத்தார்கள்.

“பேரு?” என்றார் ஏட்டு பழக்க தோஷத்தில். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“கேளுங்க. எல்லார்கிட்டயும் கேக்குற மாதிரியே கேளுங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

சொன்னார். ஜீப், குடை, ஷட்டர், ரத்தம், பஸ் ஸ்டாப், யாரும் வெளியே வராத வாசல், எல்லாவற்றையும் சொன்னார். எதற்காகப் போனார் என்பதை ஏட்டு நாசூக்காக விட்டுவிடப் பார்த்தார். “அதையும் எழுதுங்க” என்று அதட்டினார். கையெழுத்துப் போட்டு, பெரிய ஆபீஸுக்கு இன்றைக்கே அனுப்பச் சொல்லிவிட்டு, வேன் டிரைவரிடம் போகலாம் என்று கையைக் காட்டினார். லாக்கப்பைத் திறந்ததும் அவரேதான்.

மெக்கானிக் வெளியே வந்து மகளை வாங்கிக்கொண்டான். அவள் அரைத்தூக்கத்தில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கினாள். அத்தனை நேரம் கல்லாக நின்ற அவன் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அண்ணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், எனக்கும் கண் கரித்தது.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புருஷன் வாசலுக்குப் போய்விட்டான். அவள் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு எதிரில் வந்து நின்றாள்.

“ஐயா, நாளைக்கு உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பாங்கள்ல?”

“விசாரிப்பாங்க.”

“உங்களை யாரும் மிரட்டல, அடிக்கல, நீங்களாத்தான் எழுதிக் குடுத்தீங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். யாராவது கேட்டா என்னைக் கூப்பிடுங்க. எந்த ஆபீஸா இருந்தாலும் வந்து சொல்றேன்.”

ஏட்டு இன்னொரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் நின்றபடியே தன் பெயரையும் கதவு எண்ணையும் அந்தத் தெருவின் பெயரையும் சொல்ல ஆரம்பித்தாள்.